பழைய பெஞ்ச் வைஸ்: வாங்குவதும் சரிசெய்வதும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன இடம் இருக்கிறது. ஒரு காலத்தில் விறகு அடுக்கிய இடம். இப்போது அங்கே ஒன்பது வைஸ் உட்கார்ந்திருக்கிறது. வேலை செய்யும் பொருளை இரண்டு தாடைக்கு நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் கருவிதான் வைஸ். வந்து பார்க்கிறவர்களும் போனில் படம் அனுப்புகிறவர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே போட்டு, கீழே எனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன்.

“வைஸ்னா எதைச் சொல்றீங்க? ஆசாரி ஒண்ணைக் காட்டுறார், கொல்லப் பட்டறையில வேற ஒண்ணு இருக்கு.”

எல்லாமே வைஸ்தான். மர மேஜையின் ஓரத்தோடு ஓரமாகப் பதிந்திருப்பது தச்சு வேலை வைஸ். தரை வரை ஒரு கால் நீண்டிருப்பது கொல்லர்களின் கால் வைஸ். குழாயைப் பிடிக்க வி வடிவப் பல்லோடு இருப்பது பைப் வைஸ். பிட்டர்கள் மேஜையில் போல்ட் போட்டு முடுக்கி வைத்திருக்கும் இரும்பு வேலை வைஸைத்தான் இங்கே பெரும்பாலும் பேசப் போகிறேன்.

அதில் அசையாத தாடை ஒன்று, திருகைச் சுற்றினால் நகரும் தாடை ஒன்று. தாடையைப் பட்டறையில் ‘ஜா’ என்பார்கள், அதன் முகத்தில் ஸ்க்ரூ போட்டு மாட்டிய தகடு ஜா பிளேட். நகரும் தாடையோடு சேர்ந்து உடம்புக்குள் போய்வரும் பகுதிதான் சறுக்கு. அளவு சொல்வது தாடையின் அகலத்தை வைத்து. 4 அங்குல வைஸ் என்றால் தாடை 4 அங்குல அகலம், அது எவ்வளவு திறக்கும் என்பது வேறு கணக்கு. இது தெரியாமல் கடைக்காரரிடம் சண்டை போட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

“புதுசே கடையில கிடைக்குதே, எதுக்குப் பழசைத் தேடி அலையணும்?”

அலைய வேண்டியதில்லை. நாளைக்கே வேலை இருந்தால் புதுசு வாங்குங்கள், நல்ல புது வைஸ்களும் இருக்கின்றன. ஆனால் அதே பணத்துக்குப் பழசில் கனமான வார்ப்பும் ஆட்டமில்லாத சறுக்கும் கிடைக்க வாய்ப்பு அதிகம். வைஸில் கழித்துப்போட அதிகமில்லை: ஒரு திருகு, ஒரு நட், இரண்டு வார்ப்பு, இரண்டு ஜா பிளேட். வார்ப்பு முழுசாக இருந்தால் மற்றதையெல்லாம் லேத் பட்டறையில் செய்துகொள்ளலாம்.

அப்புறம், இதில் ஒரு கிறுக்கும் இருக்கிறது. அதை நியாயப்படுத்த நான் முயற்சி செய்வதில்லை.

“எங்கே கிடைக்கும்? என்ன விலை கேப்பாங்க?”

பழைய இரும்புக் கடைகள்தான் முதல் இடம். கோவையில் உக்கடம் பக்கம் நடந்தால் ஏதாவது கண்ணில் படும். மூடிய மில்கள், வாரிசு இல்லாமல் கைவிட்ட லேத் பட்டறைகள், கல்விக் கூடங்களின் ஏலம் இவையெல்லாம் அடுத்தது. நல்ல வைஸ்கள் எனக்குக் கிடைத்தது பெரும்பாலும் மூன்றாவது வழியில்: தெரிந்த பிட்டரிடம் “இருந்தால் சொல்லுங்கண்ணா” என்று சொல்லி வைத்து, மறந்துபோய், ஆறு மாதம் கழித்து அவரே கூப்பிட்டது.

விலை இரண்டு விதம். கடைக்காரருக்கு அது இரும்பு என்றால் எடைக்கு விலை. அது வைஸ் என்று தெரிந்துவிட்டால் பொருளுக்கு விலை. நல்ல 6 அங்குல வைஸ் 20 கிலோவுக்குக் குறையாது என்பதால் எடைக்கு வாங்கினாலும் சும்மா வராது. பேரைப் படித்துவிட்டு “அட, இது இங்கிலாந்து!” என்று அவர் முன்னால் வாயைத் திறக்காதீர்கள்.

“கடையில ரெண்டு நிமிஷம்தான் நிக்க விடுவாங்க. எதைப் பாக்கணும்?”

முதலில் விரிசல். துரு, பெயிண்ட், வளைந்த கைப்பிடி இதெல்லாம் பிறகு. விரிசல் வரும் இடங்கள் தெரிந்தவைதான்: நகரும் தாடை மேலே எழும்பும் கழுத்து, அசையாத தாடையில் சறுக்கு நுழையும் வாயின் மூலைகள், போல்ட் போடும் காதுகள். ஒரு ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் ஒரு மாதிரியும் இன்னொரு பக்கம் ஓட்டைப் பானை மாதிரியும் கேட்டால் சந்தேகப்படுங்கள். நேரம் கிடைத்தால் மண்ணெண்ணெய் தொட்டுத் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பூசுங்கள். விரிசலுக்குள் போன எண்ணெய் வெளியே ஊறி, வெள்ளையில் ஒரு கோடாகத் தெரியும்.

அடுத்தது திருகு. தாடையை முழுக்கத் திறந்து மரையைப் பாருங்கள். வேலை அதிகம் நடப்பது பாதித் திறப்புக்குள் என்பதால் தேய்மானம் அங்கேதான் இருக்கும். ஓரத்தில் தட்டையாக இருக்கும் மரை அந்த இடத்தில் கத்தி முனை போலக் கூர்ந்திருந்தால், நட்டும் போயிருக்கும். பிறகு நகரும் தாடையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கொஞ்சம் ஆடும். கடகடவென்று ஆடினால் விலையைக் குறையுங்கள்.

புதுப் பெயிண்ட் அடித்து மினுக்கி வைத்திருந்தால் இரண்டு மடங்கு கவனம். நான் வாங்கிய மூன்றாவது வைஸ் பச்சைப் பசேலென்று இருந்தது. வீட்டில் பெயிண்டை உரித்தபோது கழுத்தில் விரல் நீளத்துக்கு எபாக்ஸிப் பட்டி. இப்போது அது தோட்டத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது.

“பேர் அரைகுறையாத் தெரியுது. எந்த நாட்டுது, எந்தக் காலத்துதுன்னு எப்படிச் சொல்றது?”

வார்ப்பில் ‘வைஸ்’ என்ற ஆங்கிலச் சொல் இருக்கிறதா பாருங்கள். கடைசிக்கு முந்தின எழுத்து சி என்றால் பிரிட்டன் எழுத்துமுறை, எஸ் என்றால் அமெரிக்கா. பாதி எழுத்து தேய்ந்திருந்தாலும் இது உதவும். நம் நாட்டில் செய்ததிலும் பிரிட்டிஷ் எழுத்தே வரும் என்பதால் அது மட்டும் போதாது. ஜலந்தர், லூதியானா பக்கம் வைஸ் செய்யும் தொழில் பெரிசு. நாட்டுப் பெயரோ ஊர்ப் பெயரோ எங்கே வார்த்திருக்கிறது என்று அடிப்பக்கமும் பாருங்கள்.

நம் பக்கம் கண்ணில் படும் வெளிநாட்டுப் பெயர்களில் ரெக்கார்டு முக்கியமானது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இருந்த சி அண்ட் ஜே ஹாம்ப்டன் நிறுவனத்தின் வணிகப் பெயர் அது. அதன் எண்கள் குழப்பும்: 3 என்று போட்டிருந்தால் 4 அங்குலம், ஆனால் 5 என்றால் 5 அங்குலம், 6 என்றால் 6 அங்குலம். யார்க்ஷயரில் ஷிப்லி ஊரின் பார்க்கின்சன் வைஸில் ஒரு நெம்பு இருக்கும், அழுத்தினால் திருகை ஒரு பக்கம் மட்டும் கவ்வும் அரை நட் விலகித் தாடை சும்மா சறுக்கி வரும். அமெரிக்காவின் ரீட், பார்க்கர், வில்டன் இங்கே அபூர்வம். வில்டன் சிகாகோவில் 1941-இல் தொடங்கியது, தோட்டா மாதிரி உருண்ட உடம்பு. அதன் பழைய வைஸ்களில் சறுக்கின் அடியில் ஒரு மாதமும் வருடமும் குத்தியிருக்கும். உத்தரவாதம் முடியும் நாள் என்ற சுருக்கத்தோடு இருந்தால் அதிலிருந்து 5 வருடம் கழித்துக்கொள்ளுங்கள். செய்த காலம் அதுதான்.

உரிமையாளர் குத்திய முத்திரை இன்னும் சுவாரசியம். தென்னிந்திய ரயில்வேயின் எஸ் ஐ ஆர் முத்திரை இருந்தால் அது 1951-க்கு முந்தையது. அந்த வருடம் ஏப்ரல் 14-ஆம் தேதி அது மற்ற இரண்டு ரயில்வேக்களோடு சேர்ந்து தெற்கு ரயில்வே ஆனது. அகலமான அம்புக்குறி ஒன்று குத்தியிருந்தால் பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்தாக இருந்தது என்று அர்த்தம்.

“ரயில்வே முத்திரை இருக்குன்னா வாங்கலாமா? பிரச்சினை வருமா?”

வரலாம். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கென்றே 1966-ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. ரயில்வே பழைய பொருட்களை முறையாக ஏலம் விடுகிறது. அப்படி எடுத்தவரிடம் ஏலக் காகிதம் இருக்கும். அதன் நகலும் கடையின் பில்லும் வாங்கிக்கொள்ளுங்கள். காகிதம் இல்லை என்றால், வைஸ் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் நகர்ந்துவிடுவேன். ஒரு தடவை அப்படி நகர்ந்தேன். இன்னும் கனவில் வருகிறது, ஆனாலும் செய்தது சரிதான்.

முத்திரையை அரத்தால் ராவி எடுத்துவிடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். அது இருக்கிற சந்தேகத்தை உறுதியாக்கும்.

“திருகு அசையவே இல்லை. கைப்பிடியில பைப்பைச் சொருகி இழுக்கட்டுமா?”

வேண்டாம். கைப்பிடியின் நீளம் அந்த வார்ப்பு தாங்கும் பலத்துக்கு ஏற்றபடி வைத்தது. பைப்பைப் போட்டு நீட்டினால் கைப்பிடி வளைந்தால் அதிர்ஷ்டம், இல்லையென்றால் உடைவது தாடை.

டீசலோ துரு இளக்கும் எண்ணெயோ எல்லா இடுக்கிலும் விட்டு ஒரு வாரம் விடுங்கள். தினமும் திருகின் தலையில் லேசாகத் தட்டுங்கள், பலமாக இல்லை, அதிர்வுதான் வேண்டும். இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு, தளர்த்தும் பக்கம் ஒரு நூலளவு என்று மாற்றி மாற்றி முயன்றால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். அதற்கும் மசியாவிட்டால் நட் இருக்கும் பகுதியைக் கேஸ் விளக்கால் மெதுவாகச் சூடாக்கலாம். எண்ணெயைத் துடைத்துவிட்டு, வெளியில் வைத்து. ஒரே இடத்தில் தீயை நிறுத்தினால் வார்ப்பிரும்பில் விரிசல் விழும், பரவலாகக் காட்டுங்கள். என்னுடைய பிடிவாதக்கார வைஸ் ஒன்று பதினொரு நாள் எடுத்துக்கொண்டது.

“எப்படிக் கழட்டுறது? உடைஞ்சிடுமோன்னு பயமா இருக்கு.”

சாதாரண வைஸ் என்றால் எளிது. திருகைத் தளர்த்திக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் நட்டை விட்டு வெளியே வந்துவிடும், நகரும் தாடையை அப்படியே இழுத்து எடுத்துவிடலாம். அடியில் கட்டை வையுங்கள். அது வெளியே வரும் நேரம் யாரும் எதிர்பார்க்காத நேரமாக இருக்கும், கீழே உங்கள் கால் இருக்கும். திருகைத் தாடையோடு பிடித்திருப்பது ஒரு பின், ஒரு வாஷர், சிலதில் ஒரு ஸ்பிரிங். நட் பின்னால் உடம்புக்குள் ஒரு போல்ட்டிலோ கொக்கியிலோ நிற்கும்.

அடம்பிடிப்பது ஜா பிளேட்டின் ஸ்க்ரூக்கள். தட்டிச் சுழற்றும் இம்பாக்ட் டிரைவர் இல்லாமல் தொடாதீர்கள். புது ஸ்க்ரூ போடும்போது இன்னொரு பொறி: பிரிட்டிஷ் வைஸில் இருப்பது பெரும்பாலும் விட்வொர்த் என்ற பழைய அங்குல மரை. 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் ஸ்க்ரூ இரண்டு சுற்று அழகாகப் போகும், மூன்றாவதில் கடிக்கும். அங்கே பலத்தைக் காட்டினால் துளை போச்சு.

“துரு எடுக்க வினிகர், புளி, ஆசிட், கரண்ட்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எதுதான் சரி?”

மேலோட்டமான துருவுக்கு கம்பிப் பிரஷும் மண்ணெண்ணெயும் போதும். கிரைண்டரில் கம்பிச் சக்கரம் மாட்டினால் கண்ணாடி போடாமல் தொடாதீர்கள், கம்பி பிய்த்துக்கொண்டு ஊசி மாதிரிப் பறக்கும். புளி வேலை செய்யும், பாட்டி பித்தளைக் குடம் தேய்த்த அதே அமிலம்தான். ஆனால் 15 கிலோ இரும்புக்கு எவ்வளவு புளி கரைப்பது? அதற்குப் பதில் எலுமிச்சை உப்பு வாங்குங்கள். லிட்டருக்கு 50 கிராம் போட்டு, சில மணிக்கு ஒரு தடவை எடுத்துப் பார்க்க வேண்டும். மறந்து இரண்டு நாள் விட்டால் நல்ல இரும்பையும் தின்னும். கழிப்பறை ஆசிட் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி பக்கத்தில் இருக்கும் மற்ற கருவிகளையும் துருப்பிடிக்க வைக்கும்.

எனக்குப் பிடித்தது கரண்ட். பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர், 4 லிட்டருக்கு ஒரு மேஜைக்கரண்டி சலவை சோடா. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் வைஸுக்கு, பாசிட்டிவ் ஒரு கட்டடக் கம்பித் துண்டுக்கு. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. மாற்றிக் கொடுத்தால் கம்பிக்குப் பதில் உங்கள் வைஸ் கரையும். பாசிட்டிவ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடாதீர்கள், அதிலிருந்து நச்சுத்தன்மையுள்ள குரோமியம் தண்ணீரில் இறங்கும். குமிழி வருவது ஹைட்ரஜன், அதனால் திறந்த வெளியில் வையுங்கள், பக்கத்தில் பீடி பற்ற வைக்க விடாதீர்கள். இந்த முறையின் பெரிய நன்மை, மறந்து தூங்கிவிட்டாலும் நல்ல இரும்புக்குச் சேதமில்லை. எடுத்ததும் கறுப்புக் கசடைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காய வைத்து, அன்றைக்கே எண்ணெய் பூசுங்கள். ஒரு மணி நேரம் விட்டால் செம்மஞ்சள் பூத்துவிடும்.

“பழைய பெயிண்டை முழுக்க உரிச்சிடலாமா?”

நம் ஊர்ப் பட்டறை வைஸில் பெயிண்ட் ஒரு தனிக் கதை. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை ஒரு கோட் அடித்திருப்பார்கள். நான் ஒன்றைச் சுரண்டியபோது பச்சை, சாம்பல், நீலம், மறுபடி பச்சை, நடுவில் ஒரு அடுக்கில் அப்படியே குங்குமப் பொட்டு.

ஆனால் உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். பழைய பூச்சுகளில், முக்கியமாக அடியில் ஆரஞ்சுச் சிவப்பாக இருப்பதில், ஈயம் இருக்கலாம். தூசி உள்ளே போகக் கூடாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னும் கூடாது. பெயிண்ட் ரிமூவர் பூசி ஈரமாகவே சுரண்டி, சுரண்டியதைத் தாளில் கட்டிப் போடுங்கள். மேலே சொன்ன சோடாத் தொட்டியும் பெயிண்டை ஓரளவு தூக்கிவிடும்.

“கைப்பிடியை கால் சுத்து சுத்தினாலும் தாடை நகரலை. நட் போச்சா?”

திசை மாற்றும்போது கொஞ்சம் வெறும் சுற்று எல்லா வைஸிலும் உண்டு. கால் சுற்றுக்கு யாரும் கவலைப்பட வேண்டாம். பாதிக்கு மேல் போனாலோ, இறுக்கும்போது ‘டக்’கென்று வழுக்கினாலோ, கடையில் திருகைப் பார்க்கச் சொன்னதைச் செய்யுங்கள். வாஷர் தேய்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான் வரும், அது பத்து ரூபாய் வேலை. முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

நட் நிஜமாகவே போயிருந்தால் லேத் பட்டறையில் கன்மெட்டல் என்ற வெண்கல வகையில் செய்யச் சொல்லலாம். திருகையும் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். பழையவற்றில் சதுர மரையும் இருக்கும், சரிவான அக்மி மரையும் இருக்கும், வாயால் சொன்னால் தப்பாகிவிடும்.

“தாடையோட பல்லு மழுங்கிப் போச்சு. மாத்தணுமா?”

கட்டாயமில்லை. மழுங்கிய பல் மென்மையான பொருளைக் கடிக்காது, அது ஒரு வசதி. ஓரம் உடைந்திருந்தால் மாற்றுங்கள். ஈஎன் 8 என்ற வகை ஸ்டீல் பட்டையில் வெட்டித் துளையிட்டுத் தருவார்கள். பல் வெட்டாமல் வழவழப்பாகவே வைத்துக்கொண்டேன் நான், ஒரு குறையும் தெரியவில்லை. பித்தளை, அலுமினியம் பிடிக்க செம்புத் தகட்டை எல் வடிவில் மடித்து மேலே மாட்டிக்கொண்டால் போதும்.

ஒரு விஷயம்: மெதுவாக மூடும்போது தாடைகள் மேல் ஓரத்தில் முதலில் தொட்டு, கீழே மயிரிழை இடைவெளி தெரிந்தால் அது பழுதல்ல. இறுக்கும்போது தாடை சற்றுப் பின்சாயும் என்பதால் நல்ல வைஸ்களில் வேண்டுமென்றே அப்படிச் செய்வார்கள். அதை ராவிச் ‘சரி’ செய்துவிடாதீர்கள்.

“விரிசலை வெல்டிங் வச்சு மூடிடலாம்னு பட்டறையில சொல்றாங்களே?”

எந்த இரும்பு என்று தெரியாமல் வைக்கக் கூடாது. அடியில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கிரைண்டரைத் தொட்டுப் பாருங்கள். பொறி குட்டையாக, மங்கிய சிவப்பாக இருந்தால் சாதாரண வார்ப்பிரும்பு. நீளமாக, பளிச்சென்று பறந்தால் ஸ்டீல். துளை போட்டால் வார்ப்பிரும்பு பொடியாக உதிரும், ஸ்டீல் சுருள் சுருளாக வரும்.

ஸ்டீல் என்றால் நல்ல வெல்டருக்கு அது வேலையே இல்லை. வார்ப்பிரும்பில் சாதாரண ராடு வைத்தால் ஆறும்போது பக்கத்திலேயே புது விரிசல் விடும். முழுத் துண்டையும் முன்கூட்டிச் சூடாக்கி, நிக்கல் ராடோ பித்தளைப் பற்றவைப்போ வைத்து, சாம்பலிலோ உலர்ந்த மணலிலோ புதைத்து மெதுவாக ஆற விட வேண்டும். காது உடைந்திருந்தால் இப்படிச் செய்ததை நம்பலாம். தாடையின் கழுத்து என்றால் எனக்கு நம்பிக்கையில்லை. முழு பலமும் அங்கேதான் இறங்குகிறது, என் கதவு முட்டும் அதே இடத்தில் போனதுதான்.

“புதுப் பெயிண்ட் அடிச்சா மதிப்பு குறையுமா?”

பழைய ஃபேக்டரிப் பெயிண்ட் பாதிக்கு மேல் இருந்தால் விட்டுவிடுங்கள், துடைத்து எண்ணெய் பூசினால் போதும். அது போய்விட்டதென்றால் தாராளமாக அடியுங்கள். ரெட் ஆக்சைடு ஒரு கை, எனாமல் இரண்டு கை. திருகு, சறுக்கு, தாடை முகம், அடிக்கும் ஆன்வில் மேடை இங்கெல்லாம் பெயிண்ட் படக் கூடாது. எழுத்துகளுக்குத் தங்க நிறம் தீட்டுவது உங்கள் விருப்பம். எனக்கு அது சாமி வாகனம் மாதிரித் தெரிகிறது.

“எந்த உயரத்துல மாட்டணும்? மேல சுத்தியலால அடிக்கலாமா?”

நின்றுகொண்டு கையை மடக்கினால் முழங்கை இருக்கும் உயரத்தில் தாடையின் மேல்புறம் வரட்டும். அசையாத தாடையின் முகம் மேஜை ஓரத்தைவிட ஒரு நூல் வெளியே நிற்க வேண்டும், அப்போதுதான் நீளமான கம்பியைச் செங்குத்தாகப் பிடிக்க முடியும். மேஜைக் கால் பக்கமாக மாட்டுங்கள், நடுவில் மாட்டினால் பலகை அதிரும்.

அடிக்கலாம், அசையாத தாடையை நோக்கி. நகரும் தாடைப் பக்கம் விழும் அடியெல்லாம் திருகும் நட்டும் வாங்கும். பின்னால் இருக்கும் ஆன்வில் மேடை ஆணி நிமிர்த்த, தகடு மடக்க. சம்மட்டிக்கு அல்ல.

“கொல்லப் பட்டறைக் கால் வைஸ் ஒண்ணு கிடைச்சுது, தாடை தானாத் திறக்க மாட்டேங்குது.”

இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு பட்டை ஸ்பிரிங் இருக்க வேண்டும், அது தொலைந்திருக்கும். லாரிப் பட்டையில் மெல்லியதாக ஒன்றை எடுத்துக் கொல்லரிடம் வளைத்து வாங்குங்கள், அரை நாள் வேலை. இந்த வகை வார்ப்பு அல்ல, அடித்துச் செய்தது, அதனால் முந்தின கேள்வியின் சம்மட்டித் தடை இதற்குக் கிடையாது. அடியின் பலம் காலின் வழியாகத் தரைக்குப் போய்விடும். அதற்காக அந்தக் கால் கல் மேலோ கான்கிரீட் மேலோ நிஜமாகவே ஊன்றி நிற்க வேண்டும், அந்தரத்தில் தொங்கவிட்டு மாட்டியதையும் பார்த்திருக்கிறேன்.

“ஒரு ஆளுக்கு எத்தனை வைஸ்தான் வேணும்? வீட்டுல கேக்குறாங்க.”

வேலைக்கு என்றால் இரண்டு: 4 அங்குலத்தில் ஒன்று, 6 அங்குலத்தில் ஒன்று. இதே கேள்வி எங்கள் வீட்டிலும் வந்தது. தேங்காய் உரிக்கும் கம்பியை ஒன்றில் நிறுத்தி மாட்டிக் கொடுத்த பிறகு அதை மட்டும் விற்கக் கூடாது என்று உத்தரவு. மீதி எட்டைப் பற்றிப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.